நன்றாக இருந்தவருக்கு ஒரே ராத்திரியில் நுரையீரலில் நீர் கோத்தது ஏன்?

நீங்கள் எழுதிக் கேட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் உங்கள் பெரியப்பாவுக்கு 67 வயது. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. இதயம் பலவீனமென்று நான்கு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். கடை, கோயில் என்று நடமாட்டமாகத்தான் இருந்தார். போன மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த மூன்றாம் நாள், ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் போனார். நுரையீரலில் தண்ணீர் என்றார்கள். ஊசி, ஆக்சிஜன், ஐந்தாம் நாள் வீடு. ஏன் வந்தது என்று கேட்டதற்கு, "ஹார்ட் வீக்காக இருக்கிறது, அதனால்தான்" என்றார்களாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் சளியும் இருமலும் இருந்தன, முழங்கால் வலிக்கு ஏதோ மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

ஹார்ட் நான்கு வருடமாகவே வீக்காகத்தான் இருந்தது. அந்த ராத்திரி மட்டும் அது ஏன் தாங்காமல் போனது? அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள், அதற்கு அவர்கள் பதில் சொல்லவில்லை. டர்பனில் பல வருடம் கேஷுவாலிட்டியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெரியப்பாவை நான் பார்த்ததில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் ஒரு சொல் விவகாரம். 'இதயச் செயலிழப்பு' என்று தமிழில் எழுதுகிறோம். படிக்கிறவர் இதயம் நின்றுவிட்டது என்று பதறிப்போகிறார். நிற்கவில்லை. வருகிற ரத்தத்தை வருகிற வேகத்தில் வெளியே தள்ள முடியவில்லை, அவ்வளவுதான். தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்குகிறது. இடப்பக்கம் தேங்கினால் நுரையீரலில் நீர் கோக்கும், வலப்பக்கம் தேங்கினால் காலும் வயிறும் வீங்கும். மாத்திரையில் ஓடிக்கொண்டிருக்கும் பலவீனமான இதயம் ஒரு சமநிலையில் நிற்கிறது. அதை ஏதோ ஒன்று தள்ளிவிடுகிறது. பல நேரம் ஒன்றல்ல, இரண்டு மூன்று சேர்ந்து தள்ளும்.

அந்தத் தள்ளல் இரண்டு விதமாக வரும். ஒன்று மெதுவானது. பத்துப் பதினைந்து நாளாக உப்பும் நீரும் உடம்பில் சேரும், எடை ஏறும், செருப்பு இறுகும், இரண்டு தலையணை மூன்றாகும். இன்னொன்று திடீர் வகை. எடை ஒரு கிலோகூட ஏறியிருக்காது, ஆனால் ஒரு மணி நேரத்தில் ஆள் நுரை நுரையாகத் துப்புவார். தண்ணீர் எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து வரவில்லை. வயிற்றுப் பகுதி ரத்தநாளங்களில் ஏராளமான ரத்தம் சும்மா கிடக்கிறது, இங்கே வீட்டுக்குப் பின்னால் ஜோஜோ டேங்கில் மழைத் தண்ணீர் கிடப்பதைப் போல. பயமோ வலியோ பிரஷரோ ஏறும்போது நரம்பு மண்டலம் அந்த நாளங்களை இறுக்கும், டேங்க் தண்ணீர் மொத்தமும் இதயத்தை நோக்கிப் பாயும். அதே சமயம் முன்னால் உள்ள தமனிகளும் இறுகிவிடுவதால் இதயத்தால் வெளியே தள்ளவும் முடியாது. பிரஷர் 210, 220 என்று வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகை. அவர்களுக்கு ரத்தநாளங்களைத் தளர்த்தும் நைட்ரேட் மருந்தும் முகமூடி வழி அழுத்தக் காற்றும்தான் முதலில் கைகொடுக்கும், நீர் பிரிக்கும் ஊசி அப்புறம்.

அவசரப் பிரிவுக்கு வந்தவருக்கு முதலில் மூச்சைச் சரி செய்ய வேண்டும். ஆனால் மூச்சு சரியாகிக்கொண்டிருக்கும்போதே, ஒரு மணி நேரத்துக்குள் தேடிப் பார்த்துவிட வேண்டிய சில தூண்டுகோல்கள் உண்டு. ஐரோப்பிய இதயநோய் சங்கம் 2021 வழிகாட்டியில் இதற்கு 'சேம்ப்பிட்' என்று ஒரு நினைவுச் சொல் வைத்திருக்கிறது. மாரடைப்பு, எகிறிய ரத்த அழுத்தம், துடிப்புக் கோளாறு, இதயத்துக்குள் ஏதாவது கிழிந்துபோவது, நுரையீரல் ரத்தக்கட்டி, தொற்று, இதய உறைக்குள் நீர் அழுத்துவது ஆகிய ஏழும் அதில் அடங்கும்.

இவற்றில் மாரடைப்பு நம் ஆட்களுக்கு ரொம்ப முக்கியம். 2012இல் வெளியான தெசஸ் ஆய்வில் 9 ஆப்பிரிக்க நாடுகளில் 12 மருத்துவமனைகளுக்குத் திடீர் இதயச் செயலிழப்போடு வந்த 1,006 பேரைப் பதிவு செய்தார்கள். சராசரி வயது வெறும் 52. அடிப்படை நோய் சுமார் 45 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம். இதயக் குழாய் அடைப்பு 8 சதவீதத்துக்கும் கீழே. இதைப் படித்துவிட்டு, ஆப்பிரிக்காவில் அடைப்பு அபூர்வம் என்று நினைத்தால், டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஏமாந்துபோவோம். 1860இலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த இந்தியர்களின் வம்சத்தினர் சர்க்கரை வியாதியையும் குழாய் அடைப்பையும் தாராளமாக வாங்கி வைத்திருக்கிறார்கள். சர்க்கரை பழையதென்றால் நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். மூச்சுத் திணறல் மட்டும்தான் அறிகுறி. அதனால்தான் வந்த பத்து நிமிடத்தில் ஈசிஜி எடுக்கிறோம், இதயத்தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் அளவைப் பார்க்க ரத்தம் அனுப்புகிறோம். ஆனால் ட்ரோபோனின் கொஞ்சம் ஏறியிருந்தாலே மாரடைப்பு என்று முடிவு கட்டவும் கூடாது. திணறுகிற இதயமே அதைக் கசியவிடும். சில மணி நேரம் கழித்துத் திரும்ப எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

துடிப்புக் கோளாறில் அடிக்கடி பார்ப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும், கீழறை 150 தடவை தாறுமாறாக அடிக்கும். அடிப்புக்கு அடிப்பு இடைவெளி குறைவதால் இதயம் நிரம்பவே நேரமில்லை. நிரம்பாத குடத்திலிருந்து எதை ஊற்றுவது? இதில் கோழி முதலா முட்டை முதலா என்ற குழப்பமும் உண்டு. ஃபிப்ரிலேஷனால் நீர் கோத்ததா, நீர் கோத்ததால் ஃபிப்ரிலேஷன் வந்ததா என்று முதல் ராத்திரியில் பல நேரம் சொல்ல முடியாது.

நுரையீரல் ரத்தக்கட்டி, வால்வு கிழிவது, இதய உறைக்குள் சேரும் உறைநீர் மூன்றும் எண்ணிக்கையில் குறைவு, தவறவிட்டால் ஆபத்து. தென்னாப்பிரிக்காவில் உறைநீர் என்றதும் காசநோயை நினைக்க வேண்டும். இங்கே அது சாதாரணம். அப்படிப்பட்டவருக்கு நீர் பிரிக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டே இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஊசி குத்தி உறைநீரை வெளியே எடுக்க வேண்டும்.

தொற்றை இந்த வரிசையில் ஏன் சேர்த்தார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. அமெரிக்காவில் 259 மருத்துவமனைகளில் 48,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த 'ஆப்டிமைஸ்' பதிவேட்டில், தூண்டுகோல்களில் முதலிடம் நிமோனியா முதலான சுவாசத் தொற்றுக்குத்தான், 15 சதவீதம். அடுத்து குழாய் அடைப்பு, அதற்கடுத்து துடிப்புக் கோளாறு. காய்ச்சலில் உடம்பு கூடுதல் ரத்தம் கேட்கும், ஆக்சிஜன் குறையும், இதயம் ஓடோடி உழைக்கும், இருமல் டானிக்கும் ஜலதோஷ மாத்திரையும் பிரஷரைத் தூக்கும். ஊரில் இருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பருவம் தலைகீழ். ஃப்ளூ ஏப்ரல், மே வாக்கில் தொடங்கி குளிர்காலம் முழுக்க ஓடும். ஆடி மாதம் எங்களுக்கு நடுங்கும் மாதம்.

அதே பதிவேட்டில் இன்னொரு எண்: குறைந்தது ஒரு தூண்டுகோலாவது கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 61 சதவீதம். மீதி 39? அவர்களுக்குத் தூண்டுகோலே இல்லை என்று நான் நம்பவில்லை. உட்கார்ந்து கேட்க யாருக்கும் நேரமில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். மருந்தை நிறுத்தியவர் 9 சதவீதம், சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை மீறியவர் 5 சதவீதம் என்று அதில் இருக்கிறது. எங்கள் வார்டில் இரண்டும் அதைவிட எவ்வளவோ அதிகம். டாக்டரிடம் யார் ஒப்புக்கொள்வார்கள்?

ஒரு ஆடி மாத ராத்திரி ஒரு ஆயாவைக் கொண்டுவந்தார்கள், 71 வயது. படுக்க முடியாமல் ஸ்ட்ரெச்சரில் விறைத்து உட்கார்ந்திருந்தார். ஆக்சிஜன் 82, பிரஷர் 208. பேச்சு ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. முகமூடியை மாட்டி, நைட்ரேட் ஓடவிட்டு, முக்கால் மணி நேரத்தில் பேசும் நிலைக்கு வந்தார். மருமகள் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தாள். அதைக் கட்டிலின் கால்மாட்டில் அப்படியே கொட்டினேன். இதயத்துக்கான எனாலப்ரில், கார்வெடிலோல், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் அட்டைகளில் பாதிப் பாதி காலி. இங்கே எல்லாரும் வாட்டர் டேப்லட் என்று சொல்லும், நீர் பிரிக்கும் ஃபியூரோசெமைட் அட்டை மட்டும் பளபளவென்று முழுசாக இருந்தது. அடியில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை அட்டை ஒன்று, பத்தில் எட்டு காலி.

"ஆயா, இந்த வாட்டர் டேப்லட் எத்தனை நாளா சாப்பிடல?"

"கோயில்ல கூழு ஊத்தற வேலை தம்பி, நாலு நாளா. கக்கூஸ் ரொம்ப தூரம்."

"இது?"

"நின்னு நின்னு கால் வலி. அதுக்கு."

எந்தப் பரிசோதனையும் இந்த இரண்டு பதிலைச் சொல்லியிருக்காது. மாரியம்மன் கூழுக்காக நாலு நாள் அண்டா பக்கத்தில் நின்றிருக்கிறார். கழிப்பறைக்கு நடக்கப் பயந்து நீர் மாத்திரையை விட்டிருக்கிறார், நின்ற வலிக்கு வலி மாத்திரை போட்டிருக்கிறார், கூழுக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டிருக்கிறார். வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. அதற்கு முன் இரண்டு தடவை வேறு இடத்தில் அட்மிட் ஆகியிருந்தார். ஒரு டிஸ்சார்ஜ் தாளிலும் வலி மாத்திரையைப் பற்றி ஒரு வரி இல்லை.

வலி மாத்திரை மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையறா சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கும், நீர் மாத்திரையின் வேலையை மழுக்கும், பிரஷரை ஏற்றும். எனாலப்ரிலும் ஃபியூரோசெமைட்டும் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகமே சுணங்கிவிடும். சீட்டில்லாமல் கிடைப்பதால் அதை மருந்தென்றே யாரும் கணக்கில் வைப்பதில்லை. "வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "வலிக்கு என்ன போடுவீர்கள்?" என்று கேட்டால் வரும். ஸ்டீராய்டு, சர்க்கரைக்குத் தரும் பயோகிளிட்டசோன், பிரஷருக்குத் தரும் வெராபமில், டில்டியாசெம், மூக்கடைப்பு மாத்திரைகள் எல்லாம் இதே பட்டியலில் வரும். தண்ணீரில் போட்டால் பொங்குகிற மாத்திரைகளும், அஜீரணத்துக்குக் கரைத்துக் குடிக்கும் பொடிகளும் சோடியம் மூட்டை என்பது பலருக்குத் தெரியாது.

மருந்து விட்டுப்போவதற்கு எப்போதும் நோயாளியையே குறை சொல்லவும் முடியாது. மாதா மாதம் கிளினிக் வரிசையில் விடியற்காலையிலிருந்து நிற்கிறவர், ஒரு மாதம் மருந்து வரவில்லை என்றால் வெறுங்கையோடு திரும்புகிறார். 2021 ஜூலைக் கலவரத்தில் இங்கே மருந்துக் கடைகளும் சூறையாடப்பட்டன. அதற்கப்புறம் கொஞ்ச நாளைக்கு மாத்திரை தீர்ந்து போய் வந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உப்புக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, ஒரு டீஸ்பூன். தென்னாப்பிரிக்கா ரொட்டி, சிப்ஸ், சூப் பொடி போன்றவற்றில் எவ்வளவு சோடியம் இருக்கலாம் என்று 2013இல் சட்டமே போட்டது. 2016இல் ஒரு வரம்பு, 2019இல் இன்னும் இறுக்கம். ரொட்டியில் இப்போது 100 கிராமுக்கு 380 மில்லிகிராம் சோடியம்தான் உச்சம். நல்ல விஷயம். ஆனால் ஒரு கணக்கு போடுங்கள். 700 கிராம் ரொட்டியில் கால் பங்கைக் குடைந்து கறி ஊற்றித் தருவதுதான் இங்கே விற்கும் 'குவார்ட்டர் பனி' (bunny). கால் பங்கு 175 கிராம். சட்டத்தின் உச்ச அளவில் 665 மில்லிகிராம் சோடியம், உப்புக் கணக்கில் ஏறக்குறைய 1.7 கிராம். கறியை ஊற்றுவதற்கு முன்பே ஒரு நாள் பங்கில் மூன்றில் ஒன்று போய்விட்டது. கறி, அச்சார் என்ற ஊறுகாய், தொட்டுக்கொள்ளும் சாம்பல்ஸ் எல்லாம் அதற்கு மேலே. 'நான் சாப்பாட்டில் உப்பே போட்டுக்கொள்வதில்லை' என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். உப்பை மேஜையில் தேடிப் பயனில்லை, அது ரொட்டிக்குள் இருக்கிறது. புரட்டாசி விரதத்தில் கறி மீனை விட்டுவிட்டு ஒரு மாதம் முழுக்க ஊறுகாய், அப்பளம், பாக்கெட் சோயா என்று போகிறவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீதியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ரத்தசோகை, தைராய்டு, குடி, டயாலிசிஸ் ஒன்றைத் தவறவிட்டது, வேறு எதற்கோ மருத்துவமனையில் வேகமாக ஏற்றிய குளுக்கோஸ் பாட்டில் அல்லது ரத்தம். இளம்பெண் என்றால், பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னிருந்து ஐந்து மாதம் பின்வரை வரும் இதயத்தசை நோய். ஆப்பிரிக்காவில் இது அதிகம். குழந்தை பெற்றவளுக்கு மூச்சிரைப்பு சகஜம் என்று வீட்டிலேயே வைத்திருந்து தாமதமாகக் கொண்டுவருவார்கள்.

தூண்டுகோலைக் கண்டுபிடிப்பதால் என்ன லாபம், எப்படியும் அதே ஊசிதானே என்றால், இல்லை. 'கிரேட்' என்ற பன்னாட்டுப் பதிவேட்டில் 15,828 பேரைப் பார்த்தார்கள். மாரடைப்போ தொற்றோ தள்ளிவிட்டவர்கள் அடுத்த 90 நாளில் இறக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ரத்த அழுத்தமோ ஃபிப்ரிலேஷனோ தள்ளிவிட்டவர்களுக்குக் குறைவாக இருந்தது. முதல் வகைக்கு நீரை மட்டும் வடித்து அனுப்பினால் தள்ளிவிட்ட காரணம் உள்ளேயே இருக்கும்.

இப்போது பெரியப்பா. நீங்கள் எழுதியதிலேயே மூன்று பேர் மேல் சந்தேகம் விழுகிறது: முந்தின வாரச் சளி, முழங்கால் மாத்திரை, கல்யாணச் சாப்பாடு. நான்காவதாக ஒன்றை நான் சேர்க்கிறேன். டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் காரில் ஒரு மணி நேரம், அப்புறம் மண்டபத்தில் பட்டு வேட்டியோடு அரை நாள். அன்றைக்கு வாட்டர் டேப்லட் போட்டாரா? அதட்டாமல் கேளுங்கள், பெரியம்மாவிடம் தனியாகக் கேட்டால் இன்னும் நல்லது. முழங்கால் மாத்திரையின் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையாக இருந்தால் டாக்டரிடம் சொல்லி பாராசிட்டமாலுக்கு மாற்றலாம், பொங்குகிற வகை மட்டும் வேண்டாம்.

ஆனால் இந்த நான்கும் கைவசம் இருக்கிறதே என்று மாரடைப்பை மறந்துவிடாதீர்கள். சர்க்கரைக்காரர். ட்ரோபோனின் இரண்டு தடவை எடுத்தார்களா, எக்கோ என்ற இதய ஸ்கேன் முன்பிருந்ததைவிட மாறியிருக்கிறதா, ஈசிஜியில் துடிப்பு ஒழுங்காக இருந்ததா என்ற மூன்று கேள்வியையும் ஒரு தாளில் எழுதி அடுத்த செக்கப்புக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டு அளவுகளையும் கேட்கலாம். வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், டானிக், பொடி உட்பட, ஒரே பையில் போட்டு அப்படியே கொண்டுபோகட்டும்.

வீட்டில் ஒரு எடை மெஷின் போதும். காலையில் சிறுநீர் கழித்ததும் ஏறி நிற்க வேண்டும், காலண்டரில் எழுத வேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஃப்ளூ ஊசியை ஏப்ரலுக்குள் போட்டுவிடுவது நல்லது. மறுபடி ராத்திரி மூச்சு முட்டினால் படுக்க வைக்காதீர்கள். நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, காலைத் தொங்கவிடச் சொல்லி, 10177க்கோ, கைபேசியிலிருந்து 112க்கோ அடிக்கச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை பெரியம்மா அந்த மருந்துப் பையை எடுத்து வாசலில் வைத்துக்கொள்ளட்டும்.